வழு எண்ணிக்கைக்குப் பரிசா? ஆன்லைன் சோதனை ஹேக்கத்தான் பற்றி ஒரு இழை

5 மே 2024, காலை (வாசகர் கேள்வி)

யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆன்லைனில் 48 மணிநேர ஹேக்கத்தான் (பலர் கூடி ஒரே மூச்சில் வேலை பார்க்கும் நிகழ்ச்சி) நடத்தலாம் என்று நண்பர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். 200 பேர் சேர்ந்தால் போதும். நிரல் எழுதத் தெரியாதவர்களும் வரலாம். அதிக வழு (மென்பொருளில் உள்ள பிழை, 'பக்') கண்டுபிடிக்கும் மூன்று பேருக்குப் பரிசு, எல்லோருக்கும் சான்றிதழ். ஸ்பான்சர் பிடித்துவிடலாம். எந்த மென்பொருள் என்பது மட்டும்தான் முடிவாகவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

5 மே 2024, இரவு

பரிசை எடுத்துவிடுங்கள். சான்றிதழையும் இரண்டு முறை யோசியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

6 மே 2024

கல்லை எறிந்துவிட்டு ஓடிப்போனது போல் இருக்கிறது என்று கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். நியாயம்தான். விவரமாகச் சொல்கிறேன்.

பதினோரு வருடம் டெஸ்டிங் வேலை பார்த்தவன் நான். 2017-ல் ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) இதே மாதிரி ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு நடுவராகப் போனேன். ஒரு சின்ன கட்டற்ற மென்பொருள், அறுபது மாணவர்கள், அதிக வழு போடுபவருக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர். மாலை ஐந்து மணிக்குள் 140 அறிக்கைகள். முதல் பரிசு வாங்கிய பையன் மட்டும் 38 போட்டிருந்தான். அதில் ஒன்று, 'இந்தப் பொத்தான் நீலமாக இருக்கிறது, பச்சையாக இருந்தால் நன்றாக இருக்கும்'. ஒரே எழுத்துப்பிழை ஒன்பது திரைகளில் வந்ததை ஒன்பது அறிக்கையாகப் பிரித்துப் போட்டிருந்தான். கெட்டிக்காரன். விதி என்னவோ அதைத்தான் செய்தான்.

பின் வரிசையில் ஒரு பெண் காலையிலிருந்து ஒரே விஷயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பென்டிரைவில் இடம் தீர்ந்திருக்கும்போது கோப்பைச் சேமித்தால், 'சேமித்தாயிற்று' என்று திரை சொல்கிறது, திறந்து பார்த்தால் கோப்பு காலி. எந்த அளவுக்கு மேல் போனால் இப்படி ஆகிறது என்பதைக்கூட அளந்து வைத்திருந்தாள். ஒரே ஒரு அறிக்கை. அவளுக்குச் சான்றிதழ் மட்டும் கிடைத்தது. கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

அந்த மென்பொருளைப் பராமரிப்பவர் ஒரே ஒரு ஆள். வேறு நாட்டில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, இரவில் இதைக் கவனிப்பவர். அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திங்கட்கிழமை எழுந்து பார்த்தால் பெட்டியில் 140 மின்னஞ்சல். 'நன்றி. அடுத்த முறை முன்கூட்டியே சொன்னால் உதவியாக இருக்கும்' என்று மட்டும் எழுதினார். பிறகு மொத்தத்தையும் மூடிவிட்டார். பென்டிரைவ் வழுவும் அதோடு சேர்ந்து போயிற்று.

அதனால் எந்த மென்பொருள், எத்தனை பேர், யார் ஸ்பான்சர் என்பதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: திங்கட்கிழமை காலையில் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கப் போகிறவர் யார்?

6 மே 2024, சற்று பின்னர்

டி-ஷர்ட் ஆசை காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையை நம்ப வேண்டாம். 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் (கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்கத் தூண்டும் நிகழ்ச்சி) நடந்ததை நினைத்துப் பாருங்கள். நான்கு பங்களிப்பு அனுப்பினால் டி-ஷர்ட். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் 'அருமையான' என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பித் தள்ளினார்கள். பராமரிப்பாளர்கள் கத்தினார்கள். மாதம் தொடங்கி நான்கு நாள் ஆவதற்குள், விருப்பம் தெரிவித்த திட்டங்களில் மட்டுமே செல்லும் என்று விதியை மாற்றினார்கள். 2023-ல் டி-ஷர்ட்டே நின்றுபோயிற்று.

8 மே 2024

'அப்போ யாருமே வர மாட்டார்கள்' என்கிறார் கேள்வி கேட்டவர். 200 பேர் வர மாட்டார்கள்தான். முப்பது பேர் வந்தால் ஏன் குறைவு என்று நினைக்கிறீர்கள்? முப்பது பேருக்குக் கறிவிருந்து போடுவதற்கும் 200 பேருக்குப் பொட்டலம் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

12 மே 2024

மென்பொருள் விஷயம். நான் லிப்ரெஆபிஸ் (எம்எஸ் ஆபிஸ் போல ஆவணம், விரிதாள் செய்யும் கட்டற்ற மென்பொருள்) சொல்வேன். காரணம் பாசம் இல்லை (கொஞ்சம் இருக்கிறது).

அங்கே திங்கட்கிழமை காலையில் படிப்பதற்கு ஆள் இருக்கிறார்கள். 2010-ல் ஓபன்ஆபிஸிலிருந்து பிரிந்து வந்த நாளிலிருந்து டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை அதைப் பார்த்துக்கொள்கிறது. தரச் சோதனைக்கென்று தனிக் குழு, பொதுவில் திறந்து கிடக்கும் பக்ஸில்லா என்ற வழுப் பதிவேடு. வருடத்தில் பிப்ரவரி, ஆகஸ்ட் ஒட்டி இரண்டு பெரிய வெளியீடு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர்களே வழு வேட்டை நாள் வைப்பது பழைய வழக்கம். இந்த ஆகஸ்டில் 24.8 வர வேண்டும். பீட்டா (சோதித்துப் பார்ப்பதற்கான முன்பதிப்பு) ஜூனில் வரும். நம் வேலையை அந்த இடைவெளிக்குள் வைத்தால் யாருக்கும் பாரமாக இருக்காது.

பீட்டாவில் இன்னொரு வசதி. ஆல்ஃபா (பீட்டாவுக்கும் முந்தியது), பீட்டா கட்டமைப்புகள் (நிறுவத் தயாராகக் கட்டி வைத்த பதிப்புகள்) 'லிப்ரெஆபிஸ்டெவ்' என்று தனியாக நிறுவப்படும். ஏற்கெனவே இருக்கும் லிப்ரெஆபிஸைத் தொடாது. வெளியீட்டு வேட்பாளர் (வெளியீட்டுக்குச் சற்று முன் வரும் கடைசிக்கட்டப் பதிப்பு) அப்படி இல்லை, இருப்பதன் மேலேயே போய் உட்காரும். வீட்டில் ஒரே கணினி, அதில் அப்பாவின் கடைக் கணக்கு இருக்கிறது என்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அங்கே ஒரு வழுவைப் போட்டவரே அதை உறுதி செய்ய முடியாது. இன்னொருவர் தன் கணினியில் செய்து பார்த்து 'ஆமாம், எனக்கும் வருகிறது' என்று சொன்னால்தான் 'உறுதியாகாதது' என்ற நிலையிலிருந்து 'புதியது' ஆகும். அந்த இன்னொருவருக்குத்தான் எப்போதும் பஞ்சம். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். பொறுமை போதும். பக்ஸில்லாவில் வழு எண் 1,60,000-ஐத் தாண்டிவிட்டது. அதில் எத்தனையோ, யாராவது ஒருவர் செய்து பார்க்க மாட்டாரா என்று காத்துக் கிடக்கின்றன.

ஆகவே என் யோசனை: நிகழ்ச்சியில் பாதி நேரத்துக்குப் புது வழு தேடக் கூடாது. பழையதை எடுத்து, புதுக் கட்டமைப்பில் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

13 மே 2024

திருத்தம். 1,60,000 என்று நான் எழுதியதைப் பார்த்து 'அவ்வளவு வழுவா அந்த மென்பொருளில்' என்று ஒருவர் அரண்டுபோய்க் கேட்கிறார். எண் அப்படி, வழு அவ்வளவு இல்லை. முதலில் இவர்கள் ஃப்ரீடெஸ்க்டாப் தளத்தின் பொதுப் பட்டியலில் மற்ற திட்டங்களோடு சேர்ந்து இருந்தார்கள். 2015-ல் தனி வீடு பார்த்துக்கொண்டு வந்தபோது பழைய எண்களையும் அப்படியே தூக்கி வந்தார்கள். தவிர, மூடப்பட்டவை, இரண்டாம் முறை போடப்பட்டவை, 'இந்த வசதி வேண்டும்' என்ற ஆசைகள் எல்லாம் ஒரே வரிசை எண்ணில்தான் வரும்.

19 மே 2024

இழையை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 'சோதனை என்றால் என்ன, சும்மா கிளிக் பண்ணிப் பார்ப்பதுதானே' என்று நேற்று ஒரு தம்பி கேட்டார்.

மார்ச் கடைசியில் எக்ஸ்இஸட் விவகாரம் வெடித்ததே, நினைவிருக்கிறதா? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் வேறு ஏதோ வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறது என்று கண்ணில் பட்டது. அரை விநாடி! நானாக இருந்தால் நெட் ஸ்லோ என்று டீ குடிக்கப் போயிருப்பேன். அவர் விடாமல் தோண்டினார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டு வாசல் வைத்திருந்தது வெளியே வந்தது. 2024 மார்ச் 29 அன்று பொதுவில் அறிவித்தார்.

அந்தத் திருட்டுச் சரக்கை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் தெரியுமா? சோதனைக் கோப்புகளுக்குள். டெஸ்ட் ஃபைல் என்றால் ஒருவரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்று அந்தத் திருடனுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் தொழிலைப் பற்றி இதைவிடக் கேவலமாக யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உறுத்துகிறது. பல வருடம் அந்தக் கருவியை ஏறக்குறைய ஒருவர்தான் தனியாகக் கவனித்து வந்தார். களைத்துப்போன நேரத்தில் 'ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு' என்று புதுப்புதுப் பெயர்களில் கடிதம் போட்டு நெருக்கினார்கள். 2017-ன் 140 மின்னஞ்சல் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. நாங்கள் திருடர்கள் இல்லை. ஆனால் வாங்கிய மனிதருக்கு அன்றைக்கு என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்?

26 மே 2024

சரி, வேலைக்கு வருவோம். தமிழில் எதையெல்லாம் சோதிப்பது என்று ஒரு பட்டியல் கேட்டிருந்தீர்கள். பட்டியலாகப் போட்டால் யாரும் படிப்பதில்லை, அதனால் கதையாகவே சொல்கிறேன்.

முதலில் வரிசைப்படுத்தல். கால்க்கில் (லிப்ரெஆபிஸின் விரிதாள், எக்செல் மாதிரி) ஒரு நெடுவரிசையில் அகம், அகில், அக்கா என்று மூன்று சொல் போட்டு ஏறுவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். நாம் பழகிய அகராதி வரிசையில் மெய்யெழுத்து முன்னால் வரும். அக்கா, அகம், அகில். யூனிகோட் (ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் தரும் உலகத் தரம்) எண் வரிசையை மட்டும் பார்த்தால் புள்ளி கடைசிக்குப் போய்விடும். அகம், அகில், அக்கா. எந்த மென்பொருள், எந்த மொழி அமைப்பில், எதைத் தருகிறது என்று குறித்தாலே ஒரு மணிநேரம் போகும். வாக்காளர் பட்டியல் போல நீளமான பெயர்ப் பட்டியலோடு மாரடித்தவர்களுக்கு இது விளையாட்டு இல்லை என்று தெரியும்.

அடுத்தது தேடல். 'கௌதம்' என்பதைப் பலரும் கெ போட்டு ள போட்டு 'கெளதம்' என்று அடித்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். தேடினால் அகப்படாது. உடனே வழு என்று ஓடி வருவார்கள். அது வழு இல்லை, தட்டச்சுப் பிழை. ஆனால் ஒகர உயிர்மெய்யில் கதை வேறு. 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு குறியாகப் பிரித்தும் வைக்கலாம். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். அங்கே தேடல் தவறினால் கேட்க வேண்டியதுதான். வழுவா இல்லையா என்ற இந்த வித்தியாசத்தை வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாலே பாதிக் குப்பை குறையும்.

ஸ்ரீ தனி ராமாயணம். 2005-ல் யூனிகோட் 4.1-ல் ஶ சேர்ந்தது. அதிலிருந்து ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம். பெயரில் ஸ்ரீ இருப்பவர்களை நிகழ்ச்சிக்குக் கட்டாயம் அழையுங்கள். அவர்களுக்கு ஆயுள் முழுக்க இதில் அனுபவம் இருக்கிறது.

பிறகு பிடிஎஃப். ஏற்றுமதி செய்து, அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். கொம்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எந்த எழுத்துரு என்பதைக் குறிக்காத அறிக்கையை வாங்கவே வேண்டாம்.

பாமினி எழுத்துருவில் உள்ள பழைய கோப்பைக் கொண்டுவந்து 'தமிழ் தெரியவில்லை' என்று யாராவது நிச்சயம் சொல்வார். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் அதுதான் தெரியும். மென்பொருளைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

27 மே 2024

பின்னழிப்பு விசையைப் பற்றி நான் எழுதவில்லையே என்று நான்கு பேர். வேண்டுமென்றேதான் விட்டேன்! 'கி' என்ற எழுத்துக்குப் பின்னால் நின்று அந்த விசையை ஒருமுறை அழுத்தினால் விசிறி மட்டும் போக வேண்டுமா, முழு எழுத்தும் போக வேண்டுமா? நான் விசிறிக் கட்சி. கை தவறி கீ அடித்தவனுக்கு க-வையும் சேர்த்துப் பிடுங்குவது அநியாயம். ஆனால் எழுத்து என்பது முழு 'கி' தானே, பாதியை அழிப்பது இலக்கணக் கொலை என்கிறார் ஒரு தமிழாசிரியர். அவர் சொல்வதிலும் ஒன்று இருக்கிறது என்று ராத்திரி படுக்கும்போது தோன்றியது. காலையில் எழுந்து தட்டச்சு செய்தபோது மறுபடி விசிறிக் கட்சிக்கே வந்துவிட்டேன். இதை நிகழ்ச்சியில் எடுக்காதீர்கள். இரண்டு நாளும் இதிலேயே முடிந்துபோகும்.

2 ஜூன் 2024

நேரமும் டேட்டாவும். 48 மணிநேரம் தொடர்ச்சியாக என்பதை மறந்துவிடுங்கள். தூக்கமில்லாமல் சோதிப்பவருக்குத் தன் தவறு எது, மென்பொருளின் தவறு எது என்று தெரியாது. அனுபவித்துச் சொல்கிறேன், ராத்திரி மூன்று மணிக்கு நான் போட்ட வழு ஒன்றில் கேப்ஸ் லாக் அழுத்தியிருந்தேன்.

ஜூன் 22, 23. சனி, ஞாயிறு. காலை 10 முதல் 1 வரை, பிறகு இரவு 8 முதல் 10 வரை. நடுவில் வீட்டு வேலையைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு நமக்கு இருக்கும் அதே நேரம்தான். சிங்கப்பூரில் இருப்பவருக்கு இரவுப் பகுதி பத்தரைக்குத் தொடங்கும், அவர் காலையில் மட்டும் வரட்டும். மத்திய ஐரோப்பா இப்போது நமக்கு மூன்றரை மணிநேரம் பின்னால். லிப்ரெஆபிஸில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நிரலாளர்கள் சனிக்கிழமை இருக்க மாட்டார்கள், தொந்தரவு செய்யவும் கூடாது. சந்தேகங்களைச் சேர்த்து வைத்துத் திங்கள் மதியம் கேட்கலாம்.

விண்டோஸ் கட்டமைப்பு ஏறக்குறைய 350 எம்பி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்கில் இருப்பவருக்கு அது பரவாயில்லை. ஆனால் அதே போனிலிருந்து ஹாட்ஸ்பாட், அதே போனில் வீடியோ அழைப்பு என்றால் மதியத்துக்குள் தீரும். அதனால் பதிவிறக்கம் வெள்ளிக்கிழமை இரவே. அழைப்பில் குரல் மட்டும், முகம் வேண்டாம். (முகம் காட்டச் சொன்னால் பெண்கள் பலர் வருவதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன்.)

பைபிசெக்ட் என்று ஒரு வித்தை இருக்கிறது. கட்டி வைத்த பழைய கட்டமைப்புகளை வரிசையாக அடுக்கி, நடுவில் ஒன்றை எடுத்து, வழு இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் முன்பாதி, இல்லாவிட்டால் பின்பாதி. சின்ன வயதில் எண் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஆடியிருப்பீர்களே, அதேதான். 1024 கட்டமைப்பு இருந்தாலும் பத்தே முறையில் எந்த மாற்றத்தால் கெட்டது என்று பிடித்துவிடலாம். நிரலாளருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் பல ஜிபி இறக்க வேண்டும். ஃபைபர் இணைப்பு உள்ள இரண்டு மூன்று பேர் மட்டும் செய்யட்டும்.

9 ஜூன் 2024

இன்று ஆறு பேரை வைத்து ஒத்திகை. நல்லவேளை பார்த்தோம்.

'பதிப்பு எண் எழுதுங்கள்' என்று சொன்னால் 'புதுசு' என்று எழுதுகிறார்கள். உதவிப் பட்டியலில் 'பற்றி' சாளரத்தைத் திறந்தால் மொத்த விவரத்தையும் நகலெடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை மட்டும் ஒட்டச் சொன்னோம், பிரச்சினை தீர்ந்தது. வழு போல ஏதாவது தெரிந்தால் அதே உதவிப் பட்டியலில் உள்ள பாதுகாப்புப் பயன்முறையில் (நம் சொந்த அமைப்புகள் இல்லாமல் திறப்பது) ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்பதையும் விதியாக்கினோம்.

அடுத்ததுதான் பயமுறுத்தியது. எடுத்துக்காட்டுக் கோப்பு இணையுங்கள் என்றதும் ஒருவர் தன் அலுவலகச் சம்பளப் பட்டியலை அப்படியே பகிர்ந்தார். பெயர், வங்கிக் கணக்கு எண், எல்லாம். பக்ஸில்லாவில் இணைப்பது உலகம் முழுக்கத் தெரியும். எங்கள் ஆறு பேர் குழுவோடு போயிற்று, உடனே அழித்தோம். தவறு எங்களுடையது, சொல்லித் தராமல் கேட்டோம். இனி நாங்களே பொய்ப் பெயர்களோடு பத்துக் கோப்பு தயாரித்துத் தருவோம். அது தவிர எதையும் இணைக்கக் கூடாது.

அப்புறம் ஒரு முடிவு. புது வழுக்கள் நேராக பக்ஸில்லாவுக்குப் போகாது. முதலில் நம் பொது விரிதாளுக்கு வரும். இன்னொருவர் செய்து பார்ப்பார். ஏற்கெனவே இருக்கிறதா என்று மூன்றாமவர் தேடுவார். மூவரையும் தாண்டினால்தான் வெளியே.

11 ஜூன் 2024

22-ம் தேதி இரவு 8 மணிக்கு இந்தியா – பங்களாதேஷ் உலகக்கோப்பை ஆட்டம். ஐரோப்பிய நேரம்வரை கணக்குப் போட்ட எனக்கு இது தெரியவில்லை. சனிக்கிழமை இரவுப் பகுதி ரத்து. மாலை 4 முதல் 6.

22 ஜூன் 2024, பகல் 1.20

118 பேர் பதிவு செய்தார்கள், வந்தது 31. நான் நினைத்ததைவிட ஒன்று கூடுதல்.

முதல் ஒரு மணிநேரம் நிறுவுவதிலேயே போயிற்று, இவ்வளவு சொல்லியும். ஒருவரிடம் இருப்பது பழைய அரசு மடிக்கணினி, 2 ஜிபி நினைவகம், 32 பிட் லினக்ஸ். அதற்கு அதிகாரபூர்வக் கட்டமைப்பு 2019-லேயே நின்றுவிட்டது. அவரை அனுப்ப மனமில்லை. பழைய 3.3 பதிப்பை நிறுவச் சொன்னோம். 2011-ல் வந்த முதல் லிப்ரெஆபிஸ் அது. ஒரு வழு அதிலும் இருக்கிறதா, நடுவில் எங்கேயோ புகுந்ததா என்பதைச் சொல்ல ஆள் வேண்டும். காலை முழுக்க எல்லோரும் 'அண்ணா, 3.3-ல் பாருங்களேன்' என்று அவரையேதான் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

22 ஜூன் 2024, மாலை 6.15

அந்த 'கெளதம்' வந்துவிட்டது. மூன்று பேர் தனித்தனியாக. பாமினி ஒருவர்.

23 ஜூன் 2024, இரவு

இன்று 19 பேர். களைப்பு. நேற்று ஜெயித்ததால் மனநிலை நன்றாக இருந்தது.

பழைய வழுக்களில் சரியாகிவிட்டதாகத் தெரிவதற்கு பக்ஸில்லாவில் ஒரு நிலை உண்டு. தமிழில் சொன்னால் 'எனக்கு வேலை செய்கிறது'. இருபது வருடமாக நிரலாளர்கள் என்னிடம் சொல்லி வெறுப்பேற்றிய அதே வாக்கியம். இன்று என் கையாலேயே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

24 ஜூன் 2024

இருபது வருடம் என்று எழுதியிருக்கிறேன். மேலே பதினோரு வருடம் என்று சொல்லியிருந்தேனே என்று கவனித்துக் கேட்டவருக்கு: பதினோரு வருடம்தான். இருபது போல் இருந்தது. (நீங்கள் டெஸ்டிங் வேலைக்குப் போகலாம்.)

30 ஜூன் 2024

நேற்று ராத்திரி கத்திய கத்தலில் தொண்டை போய்விட்டது, ஏழே ரன்னில் கோப்பை. தட்டச்சுக்குத் தொண்டை வேண்டாம் என்பதால் கணக்கை எழுதுகிறேன்.

விரிதாளுக்கு வந்த புதியவை 23. இரண்டாமவர், மூன்றாமவர் சல்லடையைத் தாண்டி பக்ஸில்லாவுக்குப் போனவை 5. மீதி தட்டச்சு, எழுத்துரு, ஏற்கெனவே இருப்பவை. பழைய வழுக்களில் 64-ஐ மறுபடி செய்து பார்த்தோம். 11 இப்போது வருவதில்லை. மற்றவற்றில் '24.8 பீட்டாவிலும் இருக்கிறது' என்ற குறிப்பு, சிலவற்றில் '3.3-லும் இருந்தது' என்ற குறிப்பு. பைபிசெக்ட் செய்ய மூன்று பேரை ஒதுக்கினேன், ஒருவர்தான் முடித்தார், அதுவும் ஒன்றே ஒன்று. அதற்கு மட்டும் இதுவரை இரண்டு பதில் வந்திருக்கிறது.

23-ல் 5 என்றால் தோல்வி இல்லையா என்று கேள்வி கேட்டவரே கேட்கிறார். அந்த 18-ஐ வெளியே ஒருவரும் படிக்க வேண்டியிருக்கவில்லையே.

நான் தவறாக நினைத்தது ஒன்று உண்டு. சான்றிதழே தேவையில்லை என்றுதான் நினைத்தேன். முடிந்த பிறகு ஒரு கல்லூரிப் பெண், வேலை தேடும்போது காட்ட ஏதாவது வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவள் செய்த வேலைக்குச் சான்று பக்ஸில்லாவிலேயே அவள் பெயரில், தேதியோடு, எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அதை விண்ணப்பத்தில் எப்படிக் குறிப்பிடுவது என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். இதை நிகழ்ச்சியின் கடைசி அரை மணியாகவே வைத்திருக்க வேண்டும்.

20 ஜூலை 2024

நேற்று உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் (கிரவுட்ஸ்ட்ரைக்) புதுப்பிப்புக் கோப்பு, அதை வைத்திருந்த எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில். நம் ஊர் விமான நிலையங்களில் பயண அட்டையைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். எல்லோரும் எனக்கு அனுப்பி 'உங்கள் 31 பேரிடம் கொடுத்திருக்கலாம்' என்கிறீர்கள். கொடுத்திருந்தால் முதல் ஆளின் கணினியிலேயே தெரிந்திருக்கும். அந்த 2 ஜிபி மடிக்கணினி தப்பித்திருக்கும், அதில் விண்டோஸ் இல்லை.

24 ஆகஸ்ட் 2024

24.8 நேற்று முன்தினம் வந்துவிட்டது. நிறுவினேன்.

வேறொரு விஷயம். நாங்கள் ஜூனில் குறிப்பு எழுதிய பழைய வழு ஒன்று 'தகவல் தேவை' என்ற நிலைக்குப் போயிருந்தது. எந்த எழுத்துரு, எந்தப் பதிப்பு எண் கொண்ட எழுத்துரு என்று யாரோ கேட்டிருந்தார். நிகழ்ச்சி முடிந்து இரண்டு மாதம். மின்னஞ்சல் போனது அந்த 3.3 அண்ணனுக்கு. நான் பார்த்தபோது அவர் ஏற்கெனவே பதில் போட்டிருந்தார், இரண்டு எழுத்துருவில் செய்து பார்த்து, இரண்டு படத்தோடு. கீழே ஒரு வரி: 'வேறு பழைய பதிப்பில் பார்க்க வேண்டுமானால் சொல்லுங்கள், என்னிடம் இருக்கிறது.'

பிப்ரவரி வெளியீட்டுக்கு முன் மறுபடி நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிசம்பரில் பீட்டா வரும். தேதி வைக்கும் முன் யாராவது கிரிக்கெட் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.